ஆறு அங்குலக் கண்ணாடி

கோபால்சாமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவன்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. என் கோபத்தைப் பற்றி ஒடுகத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூக்குநுனியில் வைத்துக்கொண்டு திரிகிற மனுஷன் என்று என் பெண்டாட்டியே சொல்வாள். என் பெயர் துரைக்கண்ணு. ஜவ்வாது மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் ஜெனரேட்டர் ஓட்டினேன். கரண்ட் போனால் திட்டு வாங்க வேண்டும், ஜெனரேட்டர் ஓடினால் என்னை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதுதான் என் வேலை.

கோபால்சாமி மலைக்காரன். கூடத்திலிருந்து ஒரு மைல் இறக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒன்று அவனுடையது. கொல்லையில் சாமையும் கேழ்வரகும், வரப்போரம் மூன்று புளியமரங்கள். கூடம் கட்டும்போது கல் சுமக்க வந்தவன், கட்டி முடித்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டான். பெரிய டெலஸ்கோப்புக்கு மேலே உருண்டையாக ஒரு கூரை. பொழுது சாய்ந்ததும் அதன் கதவைத் திறக்க வேண்டும், நட்சத்திரம் நகர நகரக் கூரையைத் திருப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தான். அடுத்தவர்கள் பார்ப்பதற்காக வானத்தைத் திறந்துவிட்டவன், தான் ஒருநாளும் அதன் வழியே பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. கண் வைக்கிற இடத்தில் கேமராவை மாட்டி வைத்திருப்பார்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கென்று சின்னதாக இன்னொரு டெலஸ்கோப் உண்டு. அதில் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களை வாசல் விளக்கடியில் நின்று கோபால்சாமி கவனிப்பான். நிலாவைப் பார்த்தவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்களாம். சனிக்கிரகத்தைப் பார்த்தவர்கள் மட்டும் பேச்சில்லாமல் வருவார்களாம். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதாமே, அப்படி என்னதான் இருக்கிறது அதில், நானும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்று என் அறைக்கு வந்து டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வான்.

"போயும் போயும் சனியவா பாக்கணும்ன்ற? அது நம்மளப் பாக்காம இருந்தா போதும்னு ஊரே எள்ளு வெளக்கு ஏத்துது, நீ தேடிக்கினு போறியா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவன் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். பார்த்துக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறது என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

1984 மழைக்காலத்தில்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலி ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். பேப்பர் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது. என்னடா நிற்கிறாய் என்றேன். அவன் என் குரல் வந்த பக்கம் திரும்பி, "தொர, பொழுது போய்டுச்சா, இன்னும் கீதா?" என்று கேட்டான். 

இரண்டு மூன்று வருஷமாக இருட்டில் அவனுக்கு எதுவுமே தெரிவதில்லை. ஒருத்தருக்கும் தெரியாமல் எப்படி வேலை செய்தான் என்று கேட்காதீர்கள். அந்தக் கூரைக்கடியில் எல்லோருமே இருட்டில்தான் வேலை செய்வார்கள். விளக்குப் போட்டால் படம் கெட்டுவிடும். எல்லோரும் தடவித் தடவி நடக்கிற இடத்தில் இவன் தடவினது யார் கண்ணிலும் படவில்லை. படி எத்தனை, சக்கரம் எங்கே, கைப்பிடி எங்கே எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

ஆபீசில் இருமல் என்று பொய் சொல்லிவிட்டு அவனை வேலூருக்கு ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த நோயில் முதலில் இருட்டுப் பார்வை போகும், பிறகு ஓரம் போகும், கடைசியில் நடுவும் போகும் என்றார். மருந்து கிடையாது. இவனுக்கு ஓரமெல்லாம் போய் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், அது ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார்.  திரும்பி வரும்போது பஸ் மலை ஏறும் இடத்தில்தான் அவன் வாயைத் திறந்தான். ஆபீசுக்குச் சொன்னால் வேலை போய்விடும், சொல்லாதே என்றான். பிறகு, "அந்த வளையத்த ஒரு தபா பாத்துடணும் தொர. அப்புறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்" என்றான்.

அந்தச் சின்ன டெலஸ்கோப்பில் பார்ப்பதற்கு அதற்கு முன்பே ஒருமுறை வரிசையில் நின்றிருக்கிறான். அவன் கண்ணுக்கு இருட்டு பழகப் பத்து நிமிஷமாவது வேண்டும். அங்கே ஆளுக்கு அரை நிமிஷம். குனிந்தான், ஒன்றும் தெரியவில்லை, பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள், நிமிர்ந்து வந்துவிட்டான். அதிகாரிகளிடம் தனியாகக் கேட்டால் ஏன் எதற்கு என்பார்கள், கண் விஷயம் வெளியே வரும். சொந்தமாக ஒன்று வாங்கினால்தான் வழி என்று முடிவு செய்தான். அந்த வருஷப் புளி விற்ற பணம் மொத்தமும் அதற்குத்தான் போனது. அவன் மனைவி செந்தாமரை ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

மறு வருஷம் வெயில் காலத்தில் மெட்ராஸ் போனோம். பிராட்வே பக்கம் ஒரு கடையில் பித்தளைக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். ஒல்லியாக, பளபளவென்று, மூன்று கால் ஸ்டாண்டோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. இருநூறு மடங்கு பெரிசாகக் காட்டும் என்றார் கடைக்காரர். இதையே வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நான் குதித்தேன். கோபால்சாமி அதன் முனைக் கண்ணாடியை விரலால் அளந்து பார்த்தான். இரண்டு விரல்கடைதான் இருந்தது. வேண்டாம் என்றான். கூடத்தில் அத்தனை வருஷம் பெரிய படிப்பாளிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறான். எத்தனை மடங்கு என்று ஒருவர்கூடப் பேசியதில்லையாம். கண்ணாடி எத்தனை அகலம் என்பதே பேச்சாம். அகலம் எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம் அள்ளும், என் கண்ணுக்குத் தேவை வெளிச்சம்தான், உன் இருநூறு மடங்கை வைத்து நான் என்ன செய்வது என்றான். 

பெரம்பூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் தானே கண்ணாடி தேய்த்து டெலஸ்கோப் செய்து தருவதாக யாரோ சொல்ல, அங்கே போனோம். அவர் காட்டியது தகரக் குழாய். ஆள் மார்பளவு உயரம், ஒரு பக்கம் திறந்த வாய், அடியில் ஆறு அங்குலக் குழிக் கண்ணாடி. பார்க்க வெந்நீர் அடுப்பு மாதிரி இருந்தது. மரப்பெட்டி ஒன்றில் உட்கார வைத்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் தள்ள வேண்டும். கண் வைக்கிற இடம் குழாயின் மேல்பக்கம், ஓரத்தில். பட்டறைக்காரர் மூன்று விஷயம் சொன்னார். பார்ப்பதற்கு அரை மணி முன்னாலேயே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள். முதலில் நிலாவில் கை பழகுங்கள். கண்ணாடியின் முன்பக்கத்திலேயே அலுமினியப் பூச்சு இருக்கிறது, தூசி படிந்தாலும் தொடாதீர்கள், துடைத்தீர்களானால் போச்சு. மூன்றையும் நான் கேட்டேன், கோபால்சாமியும் கேட்டான். செந்தாமரை அன்றைக்கு மலையில் இருந்தாள்.

கம்பளியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆலங்காயம் தாண்டி ஒரு கிழவர் இது போர் போடுகிற பைப்பா என்று கேட்டார். ஆமாம், மேலே பார்த்துப் போடுகிற போர் என்று நான் எரிந்து விழுந்தேன். கோபால்சாமி ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

டெலஸ்கோப் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இருட்டில் நட்சத்திரமே தெரியாதவன் எப்படிக் குறி பார்ப்பான்? செந்தாமரைதான் அதற்கும் வந்தாள். குழாயின் மேல் பட்டறைக்காரர் அடித்திருந்த இரண்டு ஆணிகளையும் ஒரே கோட்டில் வைத்து, கவணில் குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி நட்சத்திரத்தைப் பிடிப்பாள். பிடித்தாலும் நிற்காது. இரண்டு நிமிஷத்துக்குள் பொருள் ஓரத்துக்கு ஓடி மறைந்துவிடும். உள்ளே எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் எந்தப் பக்கம் தள்ளுவது என்பதும் குழப்பம். நான் தள்ளினால் நட்சத்திரம் தொலைந்து போகும், நான் அதைத் திட்டுவேன். அவள் மூன்றே நாளில் பழகிவிட்டாள். அவன் கண்ணை வைத்துக்கொண்டு "நகத்து" என்பான். அவள் சுட்டுவிரலால் குழாயை ஒரு தொடு தொடுவாள். பொருள் நடுவுக்கு வந்து நிற்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நிலா பாதியாக இருந்த நாட்கள் அவை. முதல்நாள் அவன் கண் பழகப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு ஒரு குரல் எழுப்பினான் பாருங்கள், நான் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று ஓடினேன். "தெரியுது தொர. குண்டும் குழியுமா அத்தினியும் தெரியுது" என்று அழுதான். இரண்டு மூன்று வருஷத்தில் இருட்டில் அவன் பார்த்த முதல் பொருள் அது. சனிக்கிரகமும் தெற்கே சாயங்காலத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போதே பிடிக்கலாமா என்று செந்தாமரை கேட்டாள். இன்னும் நாலு நாள் நிலாவில் கை நன்றாகப் பழகட்டும், பட்டறைக்காரர் சொன்னாரே என்று நான்தான் பெரிய மேதாவி போலத் தடுத்தேன். ஐந்தாம் நாள் மேகம் மூடியது.

மூடியது மூடியதுதான். ஆனி முடிந்து ஆடி பிறந்தது. ஒருநாள் சாயங்காலம்கூட விலகவில்லை. கோபால்சாமி காலையில் எழுந்ததும் கையை நீட்டி உள்ளங்கையைப் பார்ப்பான். டெலஸ்கோப் வந்தபோது கை முழுசாகத் தெரிந்தது. ஆடி பிறந்தபோது மூன்று விரல். ஒருநாள் இரண்டுதான் என்றான். நான் மேகத்தைப் பார்த்துத் திட்டாத கெட்ட வார்த்தை இல்லை. ஈரத்தில் என்ன ஆகியிருக்குமோ என்று ஒரு மத்தியானம் குழாயின் வாய் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஆவி படர்ந்து தூசி அப்பியிருந்தது. "கண்ணாடி மங்கிக் கெடக்குது" என்று பக்கத்தில் நின்ற செந்தாமரையிடம் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள். அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். மலை முழுக்க வீட்டுக்கு வீடு பாத்திரம் விளக்குகிறார்கள். செந்தாமரை குத்துவிளக்கு, சொம்பு, தட்டு எல்லாம் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு குழாயின் அடியில் மூன்று திருகைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தாள். பட்டறைக்காரர் மாட்டிக் கொடுத்ததை நான் கழற்றிக் காட்டியிருந்தேன், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். அந்த வருஷத்துப் புதுப்புளியில் நல்ல சுளையாகப் பார்த்து எடுத்து, சாம்பலைத் துணியில் சலித்து, கீறல் விழாமல் பதமாகத் தேய்த்தாளாம். நானும் கோபால்சாமியும் போனபோது திரும்ப மாட்டி முடித்து, ஈரக்கையோடு நின்றாள். "எவ்ளோ அழுக்குன்றீங்க. கருப்பா கருப்பா வந்துக்கினே இருந்துச்சு. இப்ப பாருங்க, தண்ணி மாதிரி கீது" என்றாள்.

உள்ளே பார்த்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல என் முகம் இருட்டாகத் தெரிந்தது. பூச்சு துளிகூட மிச்சமில்லை. அவள் அழுக்கு என்றது அதைத்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது, அடிப்பாவி என்று வாயைத் திறந்தேன். கோபால்சாமி என் முழங்கையைப் பிடித்தான். எலும்பு நொறுங்குகிற பிடி. பூச்சு போனது அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, என் மூச்சு மாறியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். குனிந்து கையைக் குழாயின் அடிப்பக்கம் விட்டுக் கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவினான். அதுவரைக்கும் அவன் தொடாத கண்ணாடி. "நல்லா வெளக்கிகீற" என்று அவளிடம் சொன்னான். வெளியே என்னை இழுத்துவந்து, "அவளுக்குத் தெரியக் கூடாது. சொன்னியானா நீ எனக்கு ஆவாதவன்" என்றான்.

மறுநாளே கோபால்சாமியின் பெயரைச் சொல்லாமல் கூடத்துப் பட்டறையில் கேட்டேன். பூசலாம், ஆனால் பூசுகிற எந்திரத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறது, சாமான் வர வேண்டும், கார்த்திகைக்கு மேல் கொண்டு வா என்றார்கள். கார்த்திகைக்கு நாலு மாசம் இருந்தது. அவனுக்கு மிச்சம் இரண்டு விரல்.

நாலாம் நாள் சாயங்காலம் வானம் விட்டது. மேகம் இருந்த சுவடே இல்லை. இத்தனை நாள் எங்கே போனாய் நாயே என்று அண்ணாந்து கேட்கத் தோன்றியது. குழாயை வெளியே தூக்கி வைத்தோம். ஏழரை மணி. செந்தாமரை ஆணிகளை ஒன்றாக வைத்துப் பிடித்தாள். நான் முதலில் பார்த்தேன். பூச்சில்லாத வெறும் கண்ணாடியும் துளியூண்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது தெரிந்தது. ஐயோ, தெரிந்தது. மங்கலாக, அரிசி அளவுக்கு ஒரு உருண்டை, அதைத் தொடாமல் சுற்றி ஒரு வளையம். நல்ல கண் உள்ள எனக்கே அந்த லட்சணத்தில் தெரிகிறதென்றால் அவனுக்கு என்ன தெரியும்? நான் ஒன்றும் பேசாமல் நகர்ந்தேன். கூடத்தில் சனியைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களின் முகம் எனக்கும் வந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டியவனுக்கு என் முகமும் தெரியவில்லை.

செந்தாமரை மறுபடி நடுவில் கொண்டுவந்து, அவன் தலையைப் பிடித்து இடத்தில் வைத்தாள். அவன் நின்றான். பத்து நிமிஷம் போனது. "வந்துடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"வந்துடுச்சு" என்றான். "மஞ்சளா கீது. நடுவுல உருண்டையா. சுத்தி வளையம், எங்கியும் ஒட்டாம நிக்குது. யாரு புடிச்சிக்கினு கீறாங்கன்னே தெரியல செந்தாமர." இன்னும் சொல்லிக்கொண்டே போனான். வளையத்தின் நிழல், அதன் சாய்வு எல்லாம் சொன்னான். பன்னிரண்டு வருஷம் படிப்பாளிகள் பேசக் கேட்டது அத்தனையும் வந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. புளியமரத்துப் பக்கம் போய், பூச்சி அரற்றுகிற சத்தத்தில் என் சத்தம் கேட்காது என்ற தைரியத்தில் அழுதேன்.

ஐப்பசியில் அவனுக்கு நடுப்பார்வையும் போய்விட்டது. இனி மறைக்க முடியாது என்று ஆபீசில் சொன்னோம். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று பயந்தோம் அல்லவா, அனுப்பவில்லை. போன் எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். எங்கள் பெரிய ஆபீசர் சாரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி முழுக்க அவனை உட்கார வைத்துக் காட்டியிருப்பேனே ஐயா என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. கார்த்திகைக்கு மேல் கண்ணாடிக்குப் பூச்சும் பூசிக் கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் டூட்டி முடிந்து வரும் நேரம். செந்தாமரை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டு, தலை நிமிராமலே, அந்த வருஷம் கண்ணாடியைக் கெடுத்தது நான்தானே அண்ணா என்றாள். என்ன பேச்சு இது, ஈரத்தில் போனது என்று நான் மழுப்பினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. புடிக்கும்போதே மங்கலா இருந்துச்சு. முன்ன சின்ன நட்சத்திரம்கூட கண்ணக் கூசும். அதான் அவருக்குத் தெரியுதான்னு பாக்க, அவரு தலைய வெச்சதும் நான் கைய எடுத்துட்டேன். குழாயத் தொடவே இல்ல. ரெண்டு நிமிசத்துல அது ஓடிப் போயிருக்கும். அவரு அப்புறமும் வளையத்தப் பத்திச் சொல்லிக்கினே இருந்தாரு." புளியங்கொட்டையைப் பொறுக்கி ஒரு பக்கம் தள்ளினாள். "நகத்துன்னு ஒரு தபா கூட கேக்கலண்ணா."

 அவனிடம் கேட்டாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோபால்சாமி வந்துவிட்டான். என் இருமலை வைத்து அடையாளம் கண்டு, தொர வந்துகீறியா என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். செந்தாமரை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பப் புளி தட்ட உட்கார்ந்தவள், கையை நிறுத்தாமல், "அண்ணன் ஊருக்குப் போவுது. அந்த வளையம் எப்டி இருந்துச்சுன்னு ஒரு தபா சொல்லுங்க" என்றாள்.

அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.